சைலன்சர் கம்பெனிக்கு வந்த சத்த ஆர்டர்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி பைக்குக்குச் சைலன்சர் செய்தது. நான் வெல்டர். வண்டிச் சத்தத்தை அடக்கும் குழாயைச் செய்கிற இடத்தில், பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. என் இடது காது அங்கேதான் போனது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தது. அதற்குச் சைலன்சர் தேவையில்லை. முதலில் ஓவர்டைம் போனது, அப்புறம் நைட் ஷிப்ட், கடைசியில் கேன்டீன் முட்டை. முட்டை போன அன்றுதான் எங்களுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நிர்வாகம் எங்களைக் குன்றத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போனது. கோட் போட்ட ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு மாற்றத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த பிரஸ் ஆபரேட்டர் என்னைக் கட்டிப்பிடித்தான். காண்ட்ராக்ட் பையன்.

"இன்னாண்ணா, வேலை கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்ல சொல்லுண்ணா" என்றான்.

மதியம் எச்.ஆர். மேனேஜர் எங்களை வாசலில் நிறுத்தி, "இதான் எதிர்காலம். எவ்ளோ அமைதியா வரும் பாருங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் சூப்பர்வைசர் புது எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். சொன்னபடியே அமைதியாக வந்தது. இடித்ததில் மேனேஜர் வாசல் வாழைமரத்தோடு சாய்ந்தார். பஸ் ஏறும்வரை யாரும் சிரிக்கவில்லை.

அவர் நொண்டுவது நிற்பதற்குள் புது ஆர்டர் வந்தது. சத்தமில்லாத வண்டி வருவது ஆட்களுக்குத் தெரிவதில்லையாம். அதனால் சத்தம் போடுகிற சின்னப் பெட்டி ஒன்றை அதில் மாட்டவேண்டுமாம். அதை நாங்கள் செய்யவேண்டும்.

பெட்டிக்குப் பாதி ஆள் போதும். காண்ட்ராக்ட் ஆட்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள், அந்தப் பையனையும்தான். என்னைச் சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்கிற டெஸ்டிங்கில் போட்டார்கள். சூப்பர்வைசரிடம் காது விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னொரு காது கேக்குதில்ல? அதுல கேளு" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "நான் கத்தறதே உனக்கு கேக்கல. அங்க இன்னாத்த கேக்கப் போற?" என்றாள்.

போன மாதம் கம்பெனி கேட்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஆபீஸ்காரர்களுக்குப் பிரியாணி கொண்டுவந்திருந்தான். வண்டியில் எங்கள் பெட்டி. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வண்டி ஷோக்கா கீதுண்ணா. அந்த சத்தம்தான் பேஜாரு. வயர புடுங்கிட்டேன்" என்றான்.