தட்டு மாற்றிய அண்ணன்

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்று பேசினால் அதற்கு உடனே ஒரு முறை வைத்தாக வேண்டும். பஸ் ஓட்டுகிறவர் அண்ணன், பசாரில் மீன் வெட்டுகிறவர் அண்ணன், சமையல் கேஸ் தோம்பு தூக்கி வருகிற பையன் தம்பி. முறை சொல்லிவிட்டால் ஊர் நிம்மதியாகத் தூங்கும். சொல்லாவிட்டால் அதற்குத் தூக்கமே வராது. குமுதவல்லிக்கு இது தெரியாததல்ல. சுவா என்கிற ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர்த் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, அங்கேயே தாலியறுத்தவள் அவள். அப்படியிருந்தும் சுகுமாறனை அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்பாள். அவர் "இங்க பாருங்க" என்பார். வருஷக் கணக்கில் அப்படியே ஓட்டினார்கள் இந்த இரண்டு புத்திசாலிகளும்.

அவள் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன வயதில் அம்மாவுக்குத் துணையாக ரப்பர் மரம் சீவப் போனாள். ரப்பரை வெட்டிப் போட்டுவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். உதிர்ந்த பழம் பொறுக்கிப் பொறுக்கி அவளுடைய இடுப்பு போயிற்று. புருஷன் சம்சு சாராயம் குடித்தே போனான். மகள் ஷாமினி அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. குமுதவல்லி அழுதாளா என்றால் அழுதாள், ஆனால் எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பிறகு தோட்டத்து ஆபீசில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் லாரி ஏறின. ஷாமினியும் படித்து முடித்து சிரம்பானில் ஒரு கிளினிக்கில் சேர்ந்துகொண்டு, சனி ஞாயிறு மட்டும் வந்து போனாள். லயத்து வரிசை வீடுகளில் மிஞ்சியது குமுதவல்லியும் எதிர்வீட்டுக்காரி பஞ்சாலையும் இன்னும் இரண்டொருவரும்தான். மற்ற நாளெல்லாம் குமுதவல்லி டிவியோடு பேசினாள். செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "அந்தப் பச்சச் சேல ஒனக்கு நல்லால்லமா" என்று சொன்ன ஒரு சாயங்காலம், தன் குரலைத் தானே கேட்டுப் பயந்து போனாள்.

சுகுமாறன் வெளியூர்க்காரர். தோட்டத்து வாசலில் குறுக்குக் கட்டையைத் தூக்கி இறக்குகிற ஜாகா என்னும் காவல் வேலைக்கு வந்தவர். பெண்டாட்டி அவரை விட்டுப் போய்க் கோர்ட்டிலும் தீர்த்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் அவர் வந்த வாரத்திலேயே பஞ்சாலை விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தாள். பெண்டாட்டி ஓடிப் போனவனுக்கு நம் ஊரில் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் அவருக்கும் கிடைத்தது. கோயிலில் அவருக்கு விபூதி கடைசியாக வரும்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குமுதவல்லி ஜாகா கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே ஒரே நாற்காலி. சுகுமாறன் எழுந்து அதை அவளுக்குக் காட்டிவிட்டு, தான் வெளியே போய்க் கூரை ஓரத்தில் நின்றுகொண்டார். பாதி முதுகு நனைந்தது.

"உள்ளாற வாங்களேன். நனையிறீங்க."

"வேணாம்லா. ரோட்டுல போறவன் பாத்தா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு."

அதற்காக ஓர் ஆள் நனைந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் நெத்திலிச் சம்பலை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டு வந்து, "இந்தாங்க" என்று வைத்துவிட்டுப் போனாள். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அப்புறம் வெளியில் அவளுக்கென்று ஒரு முக்காலி வந்தது. வாசலில் ரோடு பார்த்த மாதிரி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அவள் அதில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே நாற்காலியில். நடுவில் ஜன்னல் கட்டை. அதன்மேல் அவருடைய பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தே ஓ, பால் விடாத டீ.

பிறகு டாம் ஆட ஒரு பலகை வந்தது. சுகுமாறன் ஒரு பிளைவுட் துண்டில் கட்டம் போட்டு, பாட்டில் மூடிகளைக் காய்களாக்கியிருந்தார். சிவப்பு மூடி அவளுக்கு, பச்சை மூடி அவருக்கு. குமுதவல்லி விளையாட்டு என்று ஒன்றை ஆடிப் பல காலம் ஆகியிருந்தது. பிடித்துக்கொண்டாள். திருட்டுத்தனமும் பண்ணினாள். அவர் கட்டையைத் தூக்க எழுந்து போகிற நேரத்தில் ஒரு மூடி நகர்ந்திருக்கும்.

"இது இங்கயா இருந்துச்சு?"

"பின்ன? மூடிக்கு என்னா காலா மொளச்சிருக்கு?"

அவர் சிரிப்பார். தெரிந்தே தோற்பார். அவர் தோற்பது அவளுக்கும் தெரியும். ஆபீசில் துடைப்பத்தை வைத்துவிட்டு அந்த முக்காலிக்கு நடந்து வருகிற தூரத்தில் அவளுக்கு இடுப்பு வலிக்காது. இதைத்தான் நான் சந்தோஷம் என்று சொல்லுவேன். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, சொல்லிப் பழக்கமில்லை.

பஞ்சாலைக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அவரு ஒனக்கு என்னாடி வேணும்?" என்று நேராகவே கேட்டாள். "ஒண்ணும் வேணாம்" என்றாள் குமுதவல்லி. ஒன்றும் வேண்டாத உறவை எந்த ஊர் நம்பும்?

தோட்டம் வீடமைப்புக்கு விலைபோய்விட்டது என்றும், லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்றும் சேதி வந்தபோது ஷாமினிக்கும் வரன் வந்திருந்தது. பையனுக்கு ஊர் தெமியாங். அவன் அம்மா லெட்சுமி நாலு பேர் மெச்ச வாழ்கிறவள். அன்று சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் சுகுமாறன் கேட்டார்.

"மகளும் போயிட்டா நீங்க எங்க இருப்பீங்க?"

"அவளோடதான். சம்பந்தி வூட்டுப் பின்னால ஒரு ரூம்பு இருக்குதாம்."

"அங்க போயி சட்டி பான கழுவப் போறீங்களா?"

அவள் ஒரு சிவப்பு மூடியை நகர்த்தினாள். அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சுவாவுல எனக்கு வூடு கெடச்சிருச்சு. ரெண்டு ரூம்பு. ஒண்ணு சும்மாதான் கெடக்கும். அதுக்கு உள்பக்கமா ஒரு தாப்பா போட்டு வச்சிருக்கேன்."

ஓர் ஆம்பிளை தன் வீட்டு அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறான் என்றால் அதில் எல்லாமே இருக்கிறது. கல்யாணம் என்ற பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. நாளைக்கு அது அப்படி ஆனாலும் ஆகட்டும், ஆகாவிட்டாலும் சரி. சாப்பிடும்போது எதிரில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். குமுதவல்லியின் மனசு அங்கேயே சரி என்றுவிட்டது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

"கல்யாணம் முடியட்டும். சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்குப் போய் எந்தெந்தச் சட்டியைக் கொண்டு போவது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

நிச்சயத்தை லயத்து வீட்டிலேயே வைத்தார்கள். விதவை தட்டு மாற்றக் கூடாது. அதனால் புருஷனின் அண்ணன் தங்கராஜு கோலா கிளாவாங்கிலிருந்து வந்து மாற்றுவதாகப் பேச்சு. காலையில் அவரிடமிருந்து போன். மலைப் பாதையில் மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டார்களாம், வர முடியாதாம். மாப்பிள்ளை வீட்டார் கார்களில் வந்து இறங்கிவிட்டார்கள். பாய் விரித்து, அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, வெற்றிலை பாக்கு, பழம், புடவையெல்லாம் தட்டில் அடுக்கியாகிவிட்டது. பெண் வீட்டுப் பக்கம் உட்கார ஆளில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சுகுமாறன் கோயில் மண்டபத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு கையிலும் நாற்காலி, நெற்றியில் வேர்வை. லெட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் காதுக்கு ஏற்கெனவே ஏதோ போயிருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பஞ்சாலை சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவரு யாருங்க?" என்றாள் லெட்சுமி.

ஷாமினி உள் வாசலில் புடவையோடு நின்று அம்மாவைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. குமுதவல்லியின் நாக்கு தானாகப் பேசிவிட்டது.

"எங்கண்ணன். கூடப் பொறக்கல. ஆனா அண்ணன்தான்."

லெட்சுமியின் முகம் தெளிந்தது. "அட, அப்பறம் என்னாங்க யோசன? பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரே! பெரியப்பாவவிட தாய்மாமனுக்குத்தான் ஒரிம. அவரே ஒக்காரட்டும்."

சுகுமாறன் நாற்காலிகளைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். குமுதவல்லியை ஒரே ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கேள்விதான் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பின்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு, யாரோ கொடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பாயில் அமர்ந்தார்.

"பொண்ணுக்கு நீங்க என்ன மொற?" என்று சடங்கு நடத்த வந்த கோயில் பண்டாரம் கேட்டார்.

"தாய்மாமன்" என்றார் சுகுமாறன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

தட்டு மாறியது. கல்யாணத்திலும் அவரே மருமகள் ஷாமினிக்கு மாலை போட்டார், கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தார். அவருக்கு முதல் தட்டில் சந்தனம் வந்தது. அவர் நெற்றிக்கு விபூதியை முந்திக்கொண்டு நீட்டினார்கள். பஞ்சாலைகூட அவரை "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

கல்யாணக் களைப்பெல்லாம் ஆறியபின் குமுதவல்லி ஜாகா கொட்டகைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அவளுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து ஒரு குதூகலம். நாக்கு உளறியதுகூட நல்லதற்குத்தானே! முக்காலி இருந்தது. ஜன்னல் கட்டையில் பலகை இல்லை.

"இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாது, பாத்தீங்களா? அண்ணன் வூட்டுல தங்கச்சி இருக்கான்னு சொல்லிக்கலாம். லயத்த இடிக்கிறதுக்கு முன்னாலயே நான் வந்துர்றேன்."

அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நான் நடிக்கலம்மா" என்றார். அம்மா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "சாமி படத்துக்கு முன்னால ஒக்காந்து வாயால சொல்லிட்டேன். எம்பொண்டாட்டி போனப்ப என்னா சொன்னாங்க தெரியுமா? இவன் பேச்சு ஒண்ணும் நிக்காதுன்னாங்க. இந்த ஒரு பேச்சாவது நிக்கட்டும்."

"தங்கச்சியா வந்து இருக்கறேன்னுதானே சொல்றேன்!"

"அந்தத் தாப்பா நான் தங்கச்சிக்குப் போடலீங்க."

குமுதவல்லி ஜன்னல் கட்டையைத் தட்டினாள். "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல, நான் அண்ணன் இல்லன்னு? நீங்களும்தானே வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்தீங்க?"

"சொல்லியிருந்தா ஷாமினி கல்யாணம் நடந்திருக்குமா?"

நடந்திருக்காது. அது அவளுக்கும் தெரியும். அவர் பிளாஸ்கைத் திறந்து தே ஓ ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"மகளோட போயி இருங்க, தங்கச்சி" என்றார்.

லயத்தை இடித்தார்கள். குமுதவல்லி தெமியாங்குக்கு வந்து சேர்ந்தாள். பின்னறையில் ஜன்னல் உண்டு, அடுத்த வீட்டுச் சுவர் தெரியும். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். லெட்சுமி தங்கமானவள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவளோடு பேச குமுதவல்லிக்கு ஒன்றுமில்லை. சட்டி பானை கழுவும்போதெல்லாம் ஒரே நினைப்பு வந்து குடைகிறது. யாரென்று கேட்டபோது நாற்காலி கொண்டு வந்தவர் என்று சொல்லியிருக்கலாமே! அதுவும் உண்மைதானே. அந்தப் பதில் யாரையும் எங்கேயும் கட்டிப் போட்டிருக்காது. தங்கராஜுவின் இடத்தில் வேறு எவனாவது ஒரு கிழவனைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இதை நினைத்து நினைத்து, டிவியில் பேசுகிறவர்களைக்கூட அவள் இப்போது கண்டுகொள்வதில்லை.

பொங்கலுக்கு மட்டும் சுகுமாறன் வருகிறார். அண்ணன் தங்கைக்குச் செய்ய வேண்டிய பொங்கல் சீரை அவர் தவறவிடுவதில்லை. புதுப் பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. எல்லாவற்றையும் தட்டில் முறையாக அடுக்கி நீட்டுகிறார். கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மருமகனிடம் வேலையைப் பற்றி விசாரிக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு அவர் கிளம்பும்போது குமுதவல்லி வாசல் வரைக்கும் போனாள். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்த டாம் பலக இருக்குதா?"

"இல்லலா. ஜாகா வேலைக்குப் புதுசா வந்த நேப்பாளத் தம்பிக்கிட்ட குடுத்துட்டேன், தங்கச்சி. மூடி ரெண்டு மூணு காணாமப் போயிருந்துச்சு. அவன் கல்ல வச்சு ஆடறான்."

அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரை அவள் நின்றாள். லெட்சுமி பின்னாலேயே வந்து, சீர்த் தட்டிலிருந்த புடவையைப் பிரித்துப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாள்.

"எங்கூடப் பொறந்தவனுங்க மூணு பேரு இருக்கானுங்க. ஒருத்தனாவது எட்டிப் பாக்கறானா? நீ குடுத்து வச்சவ, குமுதா."

"ஆமா" என்றாள் குமுதவல்லி. புடவையை வாங்கி மடித்து, போன பொங்கல் புடவைக்கு மேல் வைத்தாள்.