வெயில் பார்த்த தண்ணீர்

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பேச்சே அதற்குப் பிறகுதான். சூலூருக்குக் கிழக்கே என் அக்காவின் தோட்டத்து வீட்டில் இப்போது அந்தச் சொம்பு விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரால் நிரம்புகிறது. ஆழ்துளைப் போரில் வரும் தண்ணீர் உப்பு. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கும் உப்பு. கேனைச் சாய்க்கும்போது அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள், வந்தவர் பார்த்துவிடக் கூடாதென்று. தன் நிலத்துத் தண்ணீரை ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை. கழிவைப் பரப்பி வெயிலில் வற்றவைக்கும் பெரிய தொட்டி ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. தொட்டி கசிகிறது என்றோம். முதலாளி கைகூப்பினார். "ஏனுங்கக்கா, உங்க மண்ணே உப்பு மண்ணுங்க. மழைத்தண்ணி எறங்கறப்ப கரைச்சுட்டு வருதுங்க. நாங்க என்னுங்க பண்றது?" ஒரு பொய்க்கு இத்தனை 'ங்க' போட்டு மரியாதை செய்ய எங்கள் ஊரில்தான் முடியும்.

அக்கா மகள் கல்லூரியில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் போர், அதே மண்ணில் தொட்டியை விட்டுத் தள்ளியிருக்கும் மேட்டுத் தோட்டத்துப் போர், அதிகாரியிடம் அனுமதி வாங்கி அந்தத் தொட்டி, மூன்றிலும் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாள்.

"எல்லாத் தண்ணியும் ஒண்ணில்லீங் மாமா," என்றாள் திரும்பி வந்து. "ஹைட்ரஜன்லயும் ஆக்சிஜன்லயும் கொஞ்சம் கனமான வகை இருக்குதுங்க. அது சேர்ந்த தண்ணிக்கு ஆவியழுத்தம் கம்மி, சட்டுனு பறக்காது. டவுன் பஸ் நின்னதும் கைவீசி வந்தவங்க குதிச்சு எறங்கீருவாங்க, மூட்டைக்காரங்க கடைசிலதானுங்களே? வெயில்ல கெடக்கற தண்ணியும் அப்படித்தான். லேசானது முந்திப் பறந்துரும், கனமானது தங்கிப்போயிரும்."

"மண்ணுல இருக்கற உப்புக் கரைஞ்சா?"

"உப்பு மட்டுந்தான் ஏறும். இந்தக் கனம் ஏறாதுங்க. வெயில்ல வத்துனாத்தான் ஏறும்."

மேட்டுத் தோட்டத்துத் தண்ணீரில் அந்தக் கனம் இல்லை. தொட்டியில் இருந்தது. எங்கள் போரிலும் இருந்தது. அன்று அக்கா பழைய சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் புகாரின் பேரில் நடந்த தாலுகா அலுவலக விசாரணையில் அக்கா மகள் எல்லாவற்றையும் சொல்லி, "எங்க போர்த் தண்ணி கனமானதுங்க சார்," என்று முடித்தாள். அதிகாரி அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கனத்த தண்ணியா? ஹார்ட் வாட்டர்! பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதானே அம்மணி?"

"அதுவுந்தானுங்க சார், ஆனா நான் சொல்றது..."

"இதுக்குப் போயி சண்டையா? சாஃப்ட்னர் மெஷின் வெச்சாச் சரியாப்போயிரும்."

"நானே வாங்கிக் குடுத்தர்றனுங்க," என்றார் முதலாளி, இதற்கே காத்திருந்தவர் போல.

ஒரே ஒரு சொல். கடவுளே, ஒரே ஒரு சொல்லில் தொட்டி மறைந்துவிட்டது, கசிவு மறைந்துவிட்டது, குற்றவாளி கொடைவள்ளல் ஆகிவிட்டார்! அந்த மெஷின் சோப்பை நுரைக்க வைக்கும். வாயில் கரிக்கும் உப்பை எடுக்காது. பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மெஷின் வந்தது. கூடவே ஒரு மூட்டையும் இறங்கியது.

"இதென்னுங்க?" என்றாள் அக்கா.

"உப்புங்க. இதைப் போட்டாத்தான் மெஷின் ஓடுமுங்க," என்றார் மாட்ட வந்தவர்.

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னாலேயே அதிகாரியும் முதலாளியும் வந்தார்கள், மெஷின் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க. அக்கா உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கேன் தண்ணீர்! அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போய்ச் சீறினேன்: "போர்த் தண்ணியக் குடுத்திருக்கோணுமக்கா!"

"அதைக் குடுத்தா அவங்க செஞ்சதத்தானே கண்ணு நானும் செய்யறது?"

அக்கா வெளியே வந்து, அவர்கள் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"தண்ணி நல்லா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"கேன் தண்ணிங்க அது. மெஷினை எடுத்துட்டுப் போயிருங்க. என்ற புள்ள சொன்னது சோப்பு நுரையில்லீங்க. எங்க போர்ல வர்றது வெயில்ல நின்னு வத்துன தண்ணியாமா. நீங்களே சொல்லுங்க, பூமிக்குள்ள ஏதுங்க வெயிலு?"

அதிகாரி சொம்பைக் கீழே வைத்தார். முதன்முறையாக வேலிப் பக்கம் திரும்பி, பளபளத்துக்கொண்டிருந்த தொட்டியைப் பார்த்தார். முதலாளி போட்டோக்காரரைப் போகச் சொன்னார். மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி திரும்பும்போது அக்கா வாசலில் இறங்கி, மூட்டையைக் காட்டி, விருந்தாளியைக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க! உங்க உப்பை இங்கயே உட்டுப்போட்டுப் போறீங்களே!"