தைத்த காது

மகளுக்கு நாசரேத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை, பாத்திரம் என்று பேச்சே இல்லை. என் காதைத் தைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எங்கள் மில்லர்புரம் வீட்டில் காப்பி குடித்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்கள். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

"மைனி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கர்த்தர் குடுத்த சரீரம். அதைக் குத்தவோ அறுக்கவோ நமக்கு அதிகாரம் கிடையாது. கோயில்ல முன்வரிசையில உக்காருவீங்க, நாலு பேர் பாப்பாங்க. ஆஸ்பத்திரியில அந்தத் தொங்கல அறுத்துத் தச்சி விட்டுருதாங்க. எங்க அத்தைக்கும் அப்படித்தான் பண்ணுனோம்."

அறுக்கக் கூடாது, அதனால் அறுத்துக்கொள் என்றுதானே ஆகிறது என்பது அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. முன்பே தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு.

நான் ஆத்தூர்க்காரி. இந்து வீட்டில் பிறந்தவள். கைக்குழந்தையிலேயே காதைக் குத்தி, பஞ்சு திணித்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டித் தோள் வரை வளர்த்துவிட்டார்கள். முன்கையில் தேர்க்கோலம் பச்சை குத்தியதும் விவரம் தெரியாத வயசில்தான். என் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தபோது எங்கள் ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தலையில் தண்ணீர் ஊற்றினார். காதைப் பற்றியும் கையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. காதில் கிடந்த தங்கப் பாம்படத்தை அழித்து மகளுக்கு நகை செய்த பிறகு காது வெறுமனே தொங்கிக் கிடந்தது. சின்னதில் அவள் அந்த ஓட்டைக்குள் விரலை மாட்டிக்கொண்டால்தான் தூங்குவாள்.

சாயங்காலம் துறைமுகத்து வேலை முடித்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏளா, உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு என்ன தோண?"

"வேண்டாம்னா சொல்லிருவோம். இந்த இடம் போனா வேற இடம்."

அடுப்பங்கரையில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். சத்தம் மறுபடி வரவே இல்லை.

"தச்சிக்கிடுதேன்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. கத்தரிக்கிற சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது. டாக்டரம்மா, "முடிஞ்சிட்டும்மா. இனிம கம்மல் போட்டுக்கிட்டு கொமரி மாதிரி இருக்கலாம்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கல்யாணத்துக்கு நாசரேத் கோயிலில் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வழக்கம்போல முந்தியை இழுத்து முக்காடு போட்டேன். பக்கத்தில் சம்பந்தியம்மாவும் முக்காடு. அந்த வரிசை முழுக்க முக்காடு. ஒருத்தி காதும் வெளியே தெரியவில்லை. கோயிலுக்குள் என்றைக்கும் தெரிந்ததும் இல்லை. இத்தனை வருசம் கோயிலுக்குப் போகிறவள், எனக்கே அது ஞாபகம் வரவில்லை என்றால் யாரை என்ன சொல்ல? பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நற்கருணைக்கு முழங்காலிட்டுக் கையை நீட்டியபோது தேர்க்கோலம் அத்தனையும் தெரிந்தது. அந்த ஊர் ஐயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். சம்பந்தியம்மாதான் வாசலுக்கு வந்ததும் மெல்லக் கேட்டார்கள்.

"மைனி, கையில உள்ளது போவாதா?"

"போவாது மைனி."

"சரி, நீளக் கை வச்சி ரவிக்கை தச்சிக்கிடுங்க."

அதற்கும் தலையாட்டினேன்.

மறுவீட்டுக்கு வந்த மகள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். தூக்கத்தில் அவள் கை பழையபடி என் காதுக்கு வந்தது. தொங்கலைத் தேடிக் கழுத்து வரை தடவிப் பார்த்தது. தையல் ஆறாத இடத்தில் விரல் பட்டுச் சுரீரென்றது. அவள் முழித்துவிடுவாளே என்று அசையாமல் கிடந்தேன்.