தூரத்துப் பந்து அக்காவுக்கு வராது என்றார்கள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கோலசிலாங்கூரில் எங்கள் பள்ளிக் கூடைப்பந்துத் திடலில் புதிதாக ஒரு வளைவுக் கோடு போட்டார்கள். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. அந்தக் கோடு வந்த பிறகுதான் எங்கள் குழுவின் நட்சத்திரமாக இருந்த அக்காவைப் பற்றிக் குறை பேசத் தொடங்கினார்கள்.

உடன்பிறந்தவர் இல்லை, பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மூத்தவர்; அக்கா ஐந்தாம் படிவம், நான் மூன்றாம் படிவம். இருவரும் ஒரே செம்பனைத் தோட்டம். அவருடைய அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். பந்தோடு உள்ளே புகுந்துவிட்டால் அக்காவை யாராலும் தடுக்க முடியாது. தூரத்திலிருந்து எறிவது மட்டும் பெரும்பாலும் தவறிவிடும்.

"உள்ள பூந்தா புலி. வெளிய நின்னா ஒண்ணுக்கும் ஆவாது லா" என்பார் திடலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். என் அண்ணனும் அதையே சொல்வான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. தோட்டத்துப் பேருந்து எங்களைச் சீக்கிரமே இறக்கிவிடும். பள்ளி மணி அடிக்கும்வரை இருவரும் மாறி மாறி எறிந்து பழகுவோம். பந்தை நெஞ்சுயரத்துக்குக் கொடுத்தால் அக்கா காலை ஊன்றி எறிவார், நேராக வளையத்துக்குள் இறங்கும். ஆட்டத்தில் மட்டும் ஏன் தவறுகிறது? கவனித்துப் பார்த்தேன். வழி அடைபட்டு, என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியாமல் போகும்போதெல்லாம் பந்தை அக்காவிடம் தள்ளிவிட்டோம். இருவர் மேலே விழுந்து மறிக்க, முழங்காலுக்கு வந்த பந்தை வாரியெடுத்து அவர் எறிவார். நாங்கள் எறியத் தயங்கிய பந்துகளையும் சேர்த்து அவர்தான் எறிந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் அதை அவரிடமே சொன்னேன்.

"நீங்க தப்பா போடலக்கா. உங்களுக்கு வர்ற பந்துதான் தப்பா வருது."

அக்கா சிரித்துவிட்டார். "யாராவது போட்டுத்தான ஆகணும்? திட்டுறவங்க திட்டிட்டுப் போறாங்க. நீ நல்லா குடு, போதும்."

மாவட்ட இறுதியாட்டம் தஞ்சோங் காராங்கில் நடந்தது. எதிரணியின் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டியிருக்க வேண்டும். அக்காவைக் கோட்டுக்கு வெளியே தனியாக விட்டுவிட்டு, எல்லாரும் வளையத்தடியில் கூடி நின்றார்கள். நான் அவருக்குப் பந்தைக் கொடுத்தேன். விளிம்பில் பட்டுத் தெறித்தது.

"வேணாம் லா, உள்ள போ!" என்று எங்கள் பக்கத்து ஆட்களே கத்தினார்கள்.

மறுபடியும் அவருக்கே கொடுத்தேன். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதன் பிறகு எதிரணியில் இருவர் அக்காவை விட்டு அகலவே இல்லை.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். அக்கா எறிவதுபோல் கையை உயர்த்தினார். அந்த இருவரும் எழும்பிக் குதித்தார்கள். பந்தோ அவர்களுக்குக் கீழே புகுந்து என் கைக்கு வந்தது. வளையத்தடியில் என்னைத் தவிர யாருமில்லை. போட்டேன். வென்றோம்.

"பாத்தியா, கடைசியில பயந்துபோய் சின்னப் பொண்ணுகிட்ட தள்ளிவிட்டுட்டா" என்று அண்ணன் அப்போதும் குறை சொன்னான். அவன் பார்த்தது அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு என்னை மாநிலப் பயிற்சிக்கு அழைத்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியூரில் நான் முதன்முதலாகத் தங்கியது அதற்காகத்தான். அக்கா அப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வந்திருந்தவரை வீட்டில் போய்ப் பார்த்து நன்றி சொன்னேன்.

"எதுக்குடி எனக்கு நன்றி?" என்றார். "நீ அங்க நிப்பேன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."