ஊருணித் தண்ணீரில் வந்த அழுக்கு

என் மாமனாருக்குப் படித்தவர்கள் பேச்சில் நம்பிக்கை கிடையாது. டை கட்டியவன் சொன்னால் போதும், வேதவாக்கு. கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் விற்க வந்தவன் டை கட்டியிருந்தான்.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் என் அம்மா நாகலாபுரம் பக்கத்திலிருக்கும் நான் பிறந்த ஊரிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கேன் ஊருணித் தண்ணீர் கொண்டுவருவாள். மழைத் தண்ணீர்; பருப்பு பூவாய் மலரும். பஸ்ஸில் கண்டக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் சுமந்து வருவாள்.

டைக்காரன் ஒரு டம்ளரில் அம்மாவின் தண்ணீரையும் இன்னொன்றில் மெஷின் தண்ணீரையும் ஊற்றினான். இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி கரண்டைக் கொடுத்தான். மெஷின் தண்ணீர் அப்படியே இருந்தது. அம்மாவின் தண்ணீர் நுரைத்து, சாக்கடை நிறமாகிவிட்டது.

"இதத்தான் சார் இத்தன நாளும் குடிச்சிருக்கீங்க."

மாமனார் கேனைத் தூக்கிப்போய் வாசலில் கவிழ்த்தார். அன்றைக்குத்தான் அந்தக் கேனோடு வந்திருந்த அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது கம்பி கரைஞ்சு வந்த துரு. ஊருணித் தண்ணில மண்ணு உப்பு கொஞ்சம் இருக்கும், கரண்ட் ஓடும். மெஷின் தண்ணில உப்பே கிடையாது, கரண்ட் ஓடல, அதான் கம்பி கரையல" என்றேன். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். யாருக்கு வேண்டும்? இன்ஜினியரிங் படித்த என் வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நாலு வருஷம் காலேஜில் என்னத்தைக் கிழித்தாரோ!

மறுநாள், குடத்தில் மிச்சமிருந்த அதே ஊருணித் தண்ணீரை டம்ளரில் எடுத்தேன். இரண்டு பென்சில்களை இருபுறமும் சீவி, சதுர பேட்டரியில் ஒயரால் இணைத்து உள்ளே விட்டேன். இரும்பு இல்லை, அதனால் துருவும் இல்லை. தண்ணீர் பிரிந்து, இரண்டு முனையிலும் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. தண்ணீர் பளிங்காகவே இருந்தது. மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து பார்த்தவர் மகனைக் கூவினார். "ஏலே, இங்கன வந்து பாரு! உள்ள கிருமி மூச்சு விடுதுலே!"

மகனும் வந்து பார்த்துத் தலையாட்டினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன்.

அடுத்து அம்மா ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். வாசலில் அம்மா சொம்பை நீட்டினாள். மாமனார் வாங்கவில்லை.

"வேண்டாம் மதினி, நாங்க மெஷின் தண்ணி கொண்டாந்திருக்கோம்."

ஊர் ஆட்கள் பார்க்க அம்மா சொம்போடு நின்றாள். அப்புறம் இலை போட்டதும் அதே மனிதர் ஊருணித் தண்ணீரில் வெந்த சோற்றையும் சாம்பாரையும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி, ரசத்தைக் கையில் ஊற்றி உறிஞ்சினார். வெட்கங்கெட்ட ஜென்மம்.

சிரிப்பும் ஆத்திரமுமாக அதைச் சொல்லத்தான் அடுக்களைக்குள் போனேன். அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நெசத்தச் சொல்லு. இதக் குடுத்தா நான் ஒன்ன வளத்தேன்?"