காற்சட்டையோடு வைத்த புள்ளி

இன்று மச்சானோடு மட்டக்களப்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மை செய்பவர். நாளை அவருக்குக் குடலில் சத்திரசிகிச்சை. குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்கள். எந்த இடத்தில் என்று முதல்நாளே பேனையால் குறிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்று, மகளின் கலியாணத்துக்குத் தைத்த நீளக் காற்சட்டையில் வந்திருந்தார் மச்சான். தாதி அவரை இருத்தி, குனியவைத்து, ஒரு புள்ளி வைத்தார். பிறகுதான் காற்சட்டையை வடிவாகப் பார்த்தார்.

"வயலுக்கும் இதோடயா போறீங்க அண்ணன்?"

"இல்ல மிஸ்ஸி, சாரன்தான்."

"அப்ப சாரனைக் கட்டிட்டு வாங்க."

பக்கத்துக் கட்டில்காரர் தன் சாரனைக் கொடுத்தார். மச்சான் அதை மடித்துக் கட்டி, புல்லுப் பிடுங்குவதுபோல் வார்ட் நிலத்தில் குந்தினார். புள்ளி கட்டுக்குள் மறைந்துவிட்டது.

"இதில பை வந்தா கட்டு அமத்தும், ஒழுகும்," என்று தாதி அதை அழித்தார்.

மச்சானின் முகம் மாறியது. "வட்டைக்குள்ள இறங்க ஏலாட்டி எனக்கு இந்த ஒப்பரேசனே வேணாம் மிஸ்ஸி."

"நீங்க இறங்கத்தானே நான் இவ்வளவு பாடுபடுறன்? இன்னொருக்காக் குந்துங்க."

குந்தினார், நிமிர்ந்தார், மறுபடி குந்தினார். கடைசியில் கட்டுக்கு மேலே, அவர் கண்ணுக்கே தெரியும் இடத்தில் புள்ளி நின்றது.

"சரி, இனி வெட்டச் சொல்லுங்க," என்றார் மச்சான்.

வாசிக்கும் ஆண்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் சாரனைத் தொப்புளுக்கு மேலே கட்டுகிறீர்களா, கீழேயா? தொட்டுப் பார்க்காமல் சொல்லுங்கள். என்னால் முடியவில்லை.