ஏற்றத்தில் இறங்கிய முள்

அவருக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'சந்தேகம்'. நல்லபடி ஓடுகிற வண்டியிலும் நோய் தேடுகிறான் என்று அண்ணன்தான் சூட்டினார். அண்ணனுக்கு ஐந்து லாரி. தம்பிக்கு அந்த ஐந்தின் அடிவயிறு. இருபத்திரண்டு வருஷமாக மல்லாந்து கிடந்தே முதுகு தேய்ந்த மனுஷன். ஒரே ஒரு தடவையாவது அண்ணன் தன் பேச்சை நம்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதுவே பேராசை என்று தெரியவில்லை, பாவம்.

அந்தப் பழைய பெட்ரோல் லாரி பாரத்தோடு மேடேறும்போது மட்டும் தட்டும், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி. ஓட்டிய அண்ணன் மகன்தான் வந்து சொன்னான். இவர் பிளக்கை மாற்றினார், பெட்ரோலை மாற்றினார். ஊஹூம். கடைசியில் பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜை நீளக் குழாயில் மாட்டி, பானட்டுக்கு வெளியே இழுத்து, முன்கண்ணாடியில் வைப்பரோடு சேர்த்துக் கட்டினார். சிமெண்ட் மூட்டைகளோடு இவரும் அண்ணன் மகனும் மேடேறினார்கள். பாதி மேட்டில் முள் மளமளவென்று இறங்கியது. தட்டலும் அப்போதே ஆரம்பித்தது.

"பம்பு செத்துக்கிட்டிருக்குடா. எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தல, காஞ்சு எரியுது," என்றார். நோய் பிடிபட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் பார்க்க வந்தபோது லாரி பட்டறையில் சும்மா உறுமிக்கொண்டு நின்றது. முள்ளும் ஆடாமல் நின்றது.

"சரியாத்தானே காட்டுது?"

"நிக்கிறப்ப அப்படித்தாண்ணே காட்டும். பாரம் இழுக்கிறப்பதான் இறங்குது. ஒரு தடவை கூட வந்து கண்ணால பாத்துடுங்கண்ணே."

"எனக்கு வேற வேலை இல்ல? உன் சந்தேகத்துக்கு மருந்தே கிடையாதுடா!"

மறுநாள் வெளியிலிருந்து லாரி ரிப்பேர் பார்க்கும் பெரிய மேஸ்திரி வந்தார், கசங்காத வெள்ளைச் சட்டையில். பிளக்கில் பொறி விழும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். பத்து நிமிஷ வேலை. தட்டல் போயே போச்சு! அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்தினால் பசி தீர்ந்துவிடுமா?

"சத்தம்தாண்ணே போச்சு. இப்படியே ஓட்டினா பிஸ்டன் ஓட்டையாயிடும்," என்று எல்லார் முன்னாலும் சொன்னார் தம்பி. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பதினோராம் நாள் லாரி மேட்டில் படுத்தது. கட்டி இழுத்து வந்தார்கள். இவரே எஞ்சினைப் பிரித்து, விரல் நுழையும் ஓட்டையோடு பிஸ்டனை எடுத்து அண்ணன் மேசைமேல் வைத்தார். மறைப்பானேன், உள்ளுக்குள் கொஞ்சம் குதூகலம்தான். 'நீ சொன்னது சரிடா' என்ற ஒரு வார்த்தைக்காக நின்றார்.

"வாய வச்சியே, பலிச்சிடுச்சு பாத்தியா?" என்றார் அண்ணன்.

"கருநாக்கு," என்று அண்ணியும் ஒத்து ஊதினார். "இனிமே வண்டியப் பத்தி இவரு வாயே திறக்க வேணாம், சொல்லிட்டேன்."

அப்புறம் புதுப் பம்பு வந்தது. மாட்டியவர் பெரிய மேஸ்திரி. பழைய பம்பு கெட்டதைக் கண்டுபிடித்தவரும் அவர்தானாம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

போன வாரம் அண்ணன் மகன் வேறொரு லாரியைக் கிளப்பினான். எஞ்சினின் அடியிலிருந்து புதுசாக ஒரு குத்தல் சத்தம்.

"சித்தப்பா, ஏதோ கேக்குற மாதிரி இல்ல?"

அவருக்குத் தெளிவாகக் கேட்டது. என்ன கோளாறு என்றும் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே," என்றார். "போய்ட்டு வா."